பெயிண்ட் அடிச்சா புதுசாகிடுமா?

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்வோம். ரோட்டோரத்தில் ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டிக்கிட்டு இருந்தா, நீங்களும் நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்க. 2019-ல் "ஜேசிபி கி குதாயி"னு ஊரே மீம் போட்டுச்சே, அப்போ நான் பத்தாவது. பரீட்சை முடிஞ்ச லீவுல நாள் முழுக்க அந்த மீம்களை ஃபார்வர்ட் பண்ணினதுதான் என் வேலை.

ஆனா அதே வண்டி காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னாடி, ஒருத்தர் கையில் கிரீஸ் கன்னோட அதைச் சுத்திச் சுத்தி வருவார். குனிவார், அடியில் படுப்பார், எழுந்து துணியில் கையைத் துடைப்பார். அரை மணி நேரம். அதை என்னைக்காவது நின்னு பார்த்திருக்கீங்களா? நானும் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரை அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான். நம்ம நாலு வருஷப் படிப்பில் அதுக்கு இடமே இல்லை என்பது என் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் முதல் ஆளா நானே நிக்கிறேன், அதையும் சொல்லிடறேன்.

(எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம். இந்தக் கட்டுரையே போனில் டைப் பண்ணினது. சந்திப்பிழை இருந்தா எடிட்டர் பொறுப்பு.)

என் மாமா ராசிபுரம் பக்கம் டிராக்டர் வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தவர். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பழைய பேக்ஹோ லோடர் வாங்கினார். முன்னாடி அகலமான லோடர் பக்கெட், பின்னாடி தோண்டுற கை, நடுவில் ஆபரேட்டர் கேபின். அதான் பேக்ஹோ லோடர். நம்ம ஊரில் எந்தக் கம்பெனி செய்தாலும் அதுக்குப் பேர் ஜேசிபி. மாமா வாங்கினது எந்தக் கம்பெனினு நான் சொல்லப் போறதில்லை. 2007 மாடல். அத்தனை வருஷம் மண்ணிலும் கல்லிலும் உழைத்த எந்த வண்டியும் அப்படித்தான் இருந்திருக்கும். மணி மீட்டர் செத்துப்போயிருந்தது. பின்பக்கக் கை, பல் விழுந்த தாத்தா மாதிரி ஆடிக்கிட்டு இருந்தது. புதுசு வாங்கணும்னா 30 லட்சத்துக்கு மேல. மாமாவிடம் இருந்தது அதில் கால்வாசி, அதிலும் பாதி கடன்.

மூணாவது வருஷம் டிசம்பர் லீவில் ஊருக்குப் போனேன். "வாங்க இன்ஜினியர்! வண்டியைப் பிரிக்கப் போறோம், கூட நிக்கறியா மாப்ள?"ன்னார் மாமா. எனக்கு உடனே தோன்றியது ஒண்ணுதான்: பிஃபோர் - ஆஃப்டர் ரீல். துருப்பிடிச்ச வண்டி, ஒரு கட், பளபளக்கிற மஞ்சள் வண்டி, பின்னணியில் பாட்டு. பெயிண்ட் டின்னே மனசில் வாங்கிட்டேன்.

மெக்கானிக் அண்ணன் வந்தார். அவர் செய்த முதல் வேலை, வண்டியைக் கழுவினது. அழகுக்காக இல்லை. எண்ணெயும் மண்ணும் சேர்ந்து அப்பின சகதிக்குள்ளதான் ஒழுகுற இடமும் வெல்டிங் விட்ட விரிசலும் ஒளிஞ்சிருக்கும். கழுவி, காய விட்டு, ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி பார்த்தால் எந்த ஓஸ் கசியுது, எந்த சீல் போயிருக்குன்னு வண்டியே சொல்லிடும். ஓஸில் கசிவு தேடும்போது என் கையைத் தட்டி விட்டார். "கையை வைக்காதீங்க தம்பி, அட்டையை வச்சுப் பாருங்க." ஹைட்ராலிக் லைனில் 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். ஊசிமுனை ஓட்டையில் இருந்து பீச்சுற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போயிடும்; வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலையே எடுக்கிற நிலைமை வரலாம். பாஸ்கல் விதியை மூணு செமஸ்டர் படித்திருக்கிறேன். இதை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் வேலைக்கு ஒரு வரிசை போட்டார். முதலில் உயிர் சம்பந்தப்பட்டது: பிரேக், ஸ்டியரிங், லோடர் கையைத் தூக்கி வேலை பார்க்கும்போது முட்டுக் கொடுக்கிற சேஃப்டி ஸ்ட்ரட். ரெண்டாவது சுத்தம்: ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஹைட்ராலிக் டேங்க். மூணாவது பின்னும் புஷ்ஷும். நாலாவது எலக்ட்ரிக்கல், சீட், கண்ணாடி. பெயிண்ட்? "நேரம் இருந்தா கடைசியா பார்ப்போம்." என் ரீல் அங்கேயே பாதி செத்துப்போச்சு.

சுத்தத்துக்கு ஏன் ரெண்டாவது இடம்? நம்ம கண்ணுக்குத் தெரியுற மிகச் சின்னத் தூசி சுமார் 40 மைக்ரான். கண்ட்ரோல் வால்வுக்குள் ஓடுற ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி பத்து மைக்ரானுக்குள்ள. அதாவது உங்களால் பார்க்கவே முடியாத அழுக்குதான் வால்வைத் தின்னும். மூடியைத் திறந்து வச்சுட்டு டீ குடிக்கப் போனா, காற்றில் வர்ற புழுதி போதும். மாமா வண்டி டேங்கைத் திறந்தப்போ எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தது. தண்ணி கலந்தா அப்படித்தான் வெளுக்கும். மொத்தத்தையும் வடிச்சு, டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாத்தி, புது எண்ணெய் ஊத்தி, இன்ஜினை ஐடிலில் விட்டு ஒவ்வொரு லீவரையும் மெதுவா அசைச்சுக் காற்றை வெளியேத்தினோம். ஒரு நாள் முழுசா போச்சு. போட்டோ எடுக்க ஒண்ணுமே இல்லை.

பின், புஷ் கதை வேற. பின்பக்கக் கையின் அடியில் இருக்கிற துளைகள் வட்டமா இல்லை, முட்டை வடிவம் ஆயிடுச்சு. "2 மில்லிமீட்டர் தானே"ன்னேன். அண்ணன் என்னை பக்கெட் நுனிக்கு அழைத்துப் போய் அதைக் கையால் ஆட்டிக் காட்டினார். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்: ரெண்டு புஷ்ஷுக்கும் நடுவில் 300 மி.மீ., ஆட்டம் 2 மி.மீ., பக்கெட் நுனி 4.5 மீட்டர் தள்ளி. நுனியில் 30 மி.மீ. ஆட்டம் வருது. வாய்க்கால் ஓரமா தண்ணிக் குழாய் போகிற இடத்தில் தோண்டும்போது 30 மி.மீ. என்பது குழாய் உடையுமா உடையாதாங்கிற வித்தியாசம்.

துளைகளை வெல்டிங் வைத்து நிரப்பி, போரிங் பாரை வண்டியிலேயே பூட்டிக் கடைந்தார்கள். லைன் போரிங். புது புஷ்ஷை உள்ளே அடிக்கிறதுக்கு முதல் நாள் ராத்திரி, அண்ணன் அத்தை வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரைக் காலி பண்ணச் சொன்னார். "எதுக்குங்க?" "புஷ்ஷை வைக்க." அத்தை திட்டின திட்டை இந்தப் பத்திரிகையில் போட முடியாது. 60 மி.மீ. இரும்பு புஷ் 45 டிகிரி குளிர்ந்தா விட்டத்தில் சுமார் 0.03 மி.மீ. சுருங்கும். அவ்வளவுதான், ஆனா அவ்வளவு போதும். காலையில் எடுத்து வச்சதும் ரெண்டு தட்டில் உள்ளே போயிடுச்சு. தெர்மல் எக்ஸ்பான்ஷனை நான் முதன்முதலா கண்ணால் பார்த்தது அன்னைக்குத்தான், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்.

இதைப் படிச்சுட்டு "படிப்பு வேஸ்ட், அனுபவம்தான் எல்லாம்"னு நான் சொல்ல வர்றதா நினைக்காதீங்க. அந்த வாட்ஸ்அப் தத்துவம் எனக்குப் பிடிக்காது. இன்னொரு சம்பவம் சொல்றேன். லோடர் கையைத் தூக்கி இன்ஜினை ஆஃப் பண்ணினா அது மெதுவா இறங்கிக்கிட்டே இருந்தது. சிலிண்டர் பிஸ்டன் சீல் போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. சீல் கிட் வாங்கிப் போட்டாச்சு. மறுபடி இறங்குது. அண்ணன் தலையைச் சொறிஞ்சுட்டு, "அப்போ வால்வு தான்"னார். ஏன்னு கேட்டேன். "சீல் மாத்தியும் நிக்கலைன்னா வால்வு, அவ்வளவுதான் தம்பி."

அன்னைக்கு ராத்திரி ஃப்ளூயிட் பவர் நோட்டைத் திறந்தேன். லோடர் சிலிண்டரில் பாரம் ராடை உள்ளே தள்ளுது. ரெண்டு பக்க லைனும் வால்வில் முழுசா அடைபட்டு, ராடு சீலும் சரியா இருந்தால், பிஸ்டன் சீல் அடியோடு இல்லைன்னாலும் கை கீழே வர முடியாது. ஏன்னா ராடு உள்ளே வரணும்னா அதன் கன அளவுக்கு எண்ணெய் வெளியே போகணும். போக வழி இல்லை. என்ன ஆகும்னா, பாரத்தை பிஸ்டன் பரப்பு தாங்காமல் ராடு பரப்பு மட்டும் தாங்கும். 80 மி.மீ. போர், 50 மி.மீ. ராடுன்னு வச்சுக்கிட்டா அழுத்தம் இரண்டரை மடங்கு ஏறும். ஆக, கை இறங்குதுன்னா எண்ணெய் வால்வு வழியாத்தான் போகுது: தேய்ந்த ஸ்பூலோ, அதோட ரிலீஃப் வால்வோ. கெட்ட சீல் அந்தக் கசிவை வேகப்படுத்தும், ஆனா மூல காரணம் அது இல்லை.

காலையில் இதை மண்ணில் குச்சியால் வரைஞ்சு அண்ணனுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தார். "அப்போ முதல்லயே வால்வைப் பார்த்திருந்தா சீல் கிட் காசு மிச்சம்"னார். நான் சந்தோஷத்தில் குதிக்காத குறை. உடனே அவர் அடுத்த பாடத்தையும் எடுத்தார். ஸ்பூலை மட்டும் தனியா மாத்த முடியாது, அது அதன் துளையோடு ஜோடியா செய்தது; மொத்த செக்‌ஷனையே மாத்தணும், செலவு அதிகம். "பத்து நிமிஷத்துக்கு ஒரு இஞ்ச் இறங்குது. மண்ணு அள்ளுற வேலைக்கு இது போதும். வண்டியை நிறுத்தினா எப்பவும் பக்கெட்டைத் தரையில் வச்சுட்டுத்தான் இறங்கணும், தூக்கின பக்கெட்டுக்கு அடியில் எவனும் நிக்கக்கூடாது. அது புது வண்டிக்கும் சட்டம்." எதைச் சரிபண்ணணும் என்பதை விட எதை இப்போதைக்கு விடலாம் என்று முடிவெடுக்கிறது பெரிய இன்ஜினியரிங். மியூசியத்தில் வைக்கிற வண்டிக்கும் நாளைக்குக் காலையில் சம்பாதிக்க வேண்டிய வண்டிக்கும் வித்தியாசம் இங்கேதான்.

இப்போ என் குற்றம்.

பொங்கலுக்கு முன்னாடி எல்லா வேலையும் முடிஞ்சது. நேரம் இருந்தது. பெயிண்ட் அடிக்கிறேன்னு நான் கெஞ்சினேன். கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்து, ரெண்டு கோட் மஞ்சள், ஒரு நாளில் முடிச்சேன். ரீல் போட்டேன். என் வாழ்க்கையிலேயே அதிகம் பேர் பார்த்த ரீல் அதுதான். மாமா முகத்தில் அவ்வளவு பெருமை. நான் காலேஜுக்கு வந்துட்டேன்.

சித்திரையில் போன் வந்தது. நிலம் சமப்படுத்துறது, ஏரி வண்டல், வீட்டு அஸ்திவாரம்னு மழைக்கு முன்னாடி ஊரே ஜேசிபிக்கு அலையுற நேரம். "மாப்ள, அடிப் பின் கத்துது." புது பின். புது புஷ். லைன் போரிங் பண்ணி கொஞ்ச மாசம்தான் ஆகியிருந்தது. பிரிச்சுப் பார்த்தா உள்ளே சொட்டுக் கிரீஸ் இல்லை, பின் முழுக்கக் கோடு கோடா கீறல். காரணம் என்ன தெரியுமா? கிரீஸ் நிப்பிள் மேல் நான் அடிச்ச பெயிண்ட். ரெண்டு கோட் காய்ந்து, நிப்பிளோட சின்னக் குண்டு ஒட்டிக்கிச்சு. ஆபரேட்டர் அண்ணன் தினமும் கன்னை வைத்து அமுக்கியிருக்கார். கிரீஸ் உள்ளே போகாமல் வெளியே பிதுங்கி வழிஞ்சிருக்கு. வழியுறதைப் பார்த்து "நிறைஞ்சிடுச்சு"ன்னு நினைச்சுக்கிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. பேப்பர் டேப் ஒட்டிட்டு அடிச்சிருக்கணும். ஒட்டலை. எனக்கு ரீல் அவசரம்.

சீசனில் நாலு நாள் வண்டி நின்னது. மணிக்கணக்கில் வாடகை வாங்குற தொழிலில், நிக்கிற ஒவ்வொரு மணியும் மாமா கையில் இருந்து போகுது. அந்த மாசக் கடன் தவணைக்கு அத்தையோட வளையல் பேங்குக்குப் போச்சு. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

பரிகாரமா என்ன செய்தேன் தெரியுமா? கூகுள் ஃபார்ம்! 43 கிரீஸ் பாயின்ட், தினமும் டிக் பண்ணணும், எக்செல்லில் ரிப்போர்ட் வரும். ஆபரேட்டர் அண்ணன் ரெண்டு நாள் மரியாதைக்காக டிக் பண்ணினார். மூணாம் நாள், கிரீஸ் கையோட போனைத் தொட முடியலைன்னு விட்டுட்டார். கடைசியில் வேலை செய்தது மெக்கானிக் அண்ணன் யோசனை. ஒவ்வொரு நிப்பிளுக்கும் பக்கத்தில் சிவப்பு பெயிண்டில் 1 முதல் 43 வரை நம்பர். வரிசையா போனா ஒண்ணும் விடுபடாது. பழைய கிரீஸ் கறுப்பா புஷ் ஓரத்தில் வெளியே தள்ளி, புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடிக்கணும். நிப்பிள் வாயில் வழிஞ்சா அடைப்புன்னு அர்த்தம். கேபினில் ஒரு நோட்டு, கயிறு கட்டின பேனா. மேனுவலில் இருக்கிற மாதிரி 10 மணி, 50 மணி, 250 மணி என்று மூணு பக்கம். அவ்வளவுதான் சிஸ்டம். ஒரு வருஷமா ஓடுது. அந்தப் பின் அடுத்து கத்தலை.

எதிர்க் கேள்வி இருக்கும், எனக்கும் இருக்கு. பழைய வண்டியைக் கட்டி அழணுமா? புகை அதிகம், டீசல் அதிகம். உண்மைதான். 2021 ஏப்ரலில் இந்த மாதிரி சக்கர வண்டிகளுக்கு ஸ்டேஜ் 4 புகை விதி வந்தது. புது இன்ஜின்கள் அந்த விஷயத்தில் பழசை விட எவ்வளவோ மேல். ஃப்ரேம் விரிசல் விட்டு, வெல்டிங் மேல் வெல்டிங் வைத்து ஓட்டுற வண்டியை நானும் ஸ்க்ராப்புக்குத்தான் அனுப்பச் சொல்வேன். ஆனா புது வண்டி வாங்கினாலும் நிப்பிள் நிப்பிள்தான், தூசி தூசிதான். கவனிக்காத புது வண்டி கொஞ்ச வருஷத்தில் கவனிக்காத பழைய வண்டி ஆயிடும். ஜேசிபி என்ற பேருக்குக் காரணமான ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் 1945-ல் இங்கிலாந்தில் ஒரு வாடகைக் கராஜில் தொடங்கியதே, போரில் மிஞ்சின பழைய இரும்பில் டிரெய்லர் செய்துதான். பேக்ஹோ லோடர் வந்தது 1953-ல். பழசைத் தொடத் தெரிந்தவர் புதுசையும் செய்தார்.

நம்ம காலேஜ் பக்கம் வர்றேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீம் ஒரு ஐடியா கொடுத்தது: பழைய வண்டிகளில் லோடர் கை இறங்குறதை அளந்து, தப்பு சீலிலா வால்விலான்னு பிரிக்காமலே கண்டுபிடிக்கிற எளிய முறை. முதல் ரிவ்யூவில் வந்த கேள்வி: "இதில் நாவல்டி எங்கே?" அதே வாரம் காசு கொடுத்து ரெடிமேடா வாங்கின ஒரு ப்ராஜெக்ட்டில் நாவல்டி இருந்தது, ஏன்னா அதன் தலைப்பில் ஏஐ இருந்தது. யார்னு கேட்காதீங்க, உங்களுக்கே தெரியும். நாங்க இன்னும் எங்க ஐடியாவை விடலை, ரெண்டாவது ரிவ்யூவுக்கு அளவுகளோட போறோம்.

டிசைன் பண்ண நாலு பேப்பர் இருக்கு. செய்ததை இருபது வருஷம் ஓட வைக்க ஒரு எலெக்டிவ், அதுவும் ஆள் சேரலைன்னா இல்லை. ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப் லேத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சு போட்டோ எடுக்கிறோம். மறுநாள் அதில் எண்ணெய் இருக்கான்னு பார்த்தவங்க கையைத் தூக்குங்க.

அதனால் என் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் ஒரு பழைய மெஷினைத் தத்தெடுக்கணும். ஜெனரேட்டரோ, லேத்தோ, பஸ் ஷெட்டில் நிக்கிற பழைய வண்டியோ. முதல் வருஷப் பசங்க கழுவட்டும், கிரீஸ் அடிக்கட்டும். ரெண்டாம் வருஷம் நோட்டு எழுதட்டும். மூணாம் வருஷம் என்ன தேயுது, ஏன் தேயுதுன்னு அளக்கட்டும். ஃபைனல் இயர் எதைச் சரிபண்ணணும், எதை விடலாம்னு முடிவெடுத்து, நோட்டை ஜூனியர் கையில் கொடுத்துட்டுப் போகட்டும். மார்க் கூட வேண்டாம். மெஷின் ஓடுதா இல்லையாங்கிறதே ரிசல்ட்.

அது நடக்கிற வரைக்கும் நீங்க ஒண்ணு செய்யலாம். பார்க்கிங்கில் நிக்கிற உங்க பைக் செயினை இப்போ போய்ப் பாருங்க. கடைசியா எப்போ எண்ணெய் விட்டீங்க? ஞாபகம் இல்லைதானே? அங்கே இருந்து தொடங்குங்க.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மஞ்சள் பெயிண்ட் பாதி உதிர்ந்து, வண்டி பழைய மாதிரியே அழுக்கா நிக்குது. மறுபடி அடிக்கலாமான்னு கேட்டேன். மாமா கிரீஸ் கன்னை என் கையில் கொடுத்தார். "முதல்ல ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆரம்பி மாப்ள."